பூ கட்டும் அண்ணனும் அயர்லாந்து நிதியும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, சாப்பிட்டுட்டு, நிதானமா படிங்க. வர்ற ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால இதை எழுதிடணும்னு நாங்க முடிவு பண்ணோம்.

நாங்கன்னா நாங்க ரெண்டு பேர்தான், புருஷனும் பொண்டாட்டியும். ஒருத்தர் தொழிற்சாலையில லைன் சூப்பர்வைசர். இன்னொருத்தர் வெள்ளிக்கிழமை அன்னதானக் கூடத்துல சாம்பார் அண்டா பக்கத்துல நிப்பாங்க. உங்கள்ல பல பேருக்கு எங்களைத் தெரியும். ரெண்டு பேருமே எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவங்க. பெரிய விஷயம் எழுதுற தகுதி இல்லைன்னு தெரியும். ஆனா இது நம்ம கோயில் சம்பந்தப்பட்டது, நாங்க செஞ்ச ஒரு தப்பு சம்பந்தப்பட்டது. அதனால நாங்களே எழுதறதுதான் முறை.

நம்ம கோயில்ல சமூக நல நிதின்னு ஒண்ணு இருக்கு. உபயக்காரங்க குடுக்குறதுல ஒரு பங்கு அதுக்குப் போகுது. யாருக்கு எவ்வளவு குடுக்கலாம்னு பார்க்குற சின்னக் குழுவுல நாங்களும் இருந்தோம். பாரம் வாங்குறது, ஐ.சி. நகல் வாங்குறது, சம்பளச் சீட்டு கேக்குறது, மூணு கடையில கொட்டேஷன் எடுத்துட்டு வரச் சொல்றது எல்லாம் எங்க வேலை. கடைசியா மாதிரி காசோலை பிடிச்சு ஒரு போட்டோ. அது இந்தப் பக்கத்துலயே வரும், நீங்களும் லைக் போடுவீங்க.

பின்பக்க மண்டபத்துல வெள்ளிக்கிழமை தோறும் பூ கட்டுற அண்ணனை உங்களுக்குத் தெரியும். பேர் எழுதல. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறோம். "பேர் வேணாம், ஊர் வேணாம், மத்ததை எழுதுங்க"ன்னு சொன்னார்.

அவர் சின்ன வயசுல ஒரு இல்லத்துல வளர்ந்தவர். எந்த இல்லம், யார் நடத்தினதுன்னு அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல. அங்க நல்லா இல்லைங்கிறது மட்டும் தெரியும். பல வருஷம் முன்னால ஒரே ஒரு தடவை, மார்கழி மாசம் விடியக்காலையில பூ கட்டிக்கிட்டு இருக்கும்போது, "பல்லெல்லாம் அங்கயே போயிடுச்சும்மா"ன்னு சொன்னார். அதுக்கு மேல பேசல. சரம் தொடுக்குற கை மட்டும் நிக்காம ஓடிக்கிட்டு இருந்துச்சு.

போன வருஷம் அவர் எங்க நிதியில பல்செட்டுக்கு உதவி கேட்டார். எவ்வளவு கூச்சத்தோட கேட்டிருப்பார்னு இப்ப புரியுது. அப்ப எங்களுக்கு விதிதான் தெரிஞ்சது. மூணு பல் டாக்டர்கிட்ட கொட்டேஷன் கேட்டோம். ரெண்டுதான் கொண்டு வந்தார். இன்னும் ஒண்ணு வேணும்னு திருப்பி அனுப்பினோம். சம்பளச் சீட்டு கேட்டோம். பூ கட்டுறவருக்கு ஏது சம்பளச் சீட்டு? பெங்குலு கடிதம் வாங்கிட்டு வரச் சொன்னோம். பல் எப்படிப் போச்சுன்னு பாரத்துல ஒரு வரி எழுதச் சொன்னோம். எல்லாம் முடிஞ்ச பிறகு, செவ்வாய்க்கிழமை ராகுகால பூசைக்கு அப்புறம் காசோலை தர்றோம், போட்டோ எடுக்கணும், நல்ல சட்டை போட்டுட்டு வாங்கன்னு சொன்னோம்.

அவர் வரல. அடுத்த வெள்ளி பூ கட்டவும் வரல. அதுக்கு அடுத்த வெள்ளியும் வரல.

நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா? "குடுக்கறதை வாங்கிக்கக்கூடத் தெரியல"ன்னு நினைச்சோம். அந்தக் கேஸை மூடி, ஃபைலை அலமாரியில வெச்சோம். கணக்கு சுத்தமா இருந்துச்சு. ஆடிட்டர் ஒரு கேள்வி கேக்கல.

எங்க பொண்ணு அயர்லாந்துல, டப்ளின்ல, வயசானவங்களைப் பாத்துக்குற இல்லத்துல நர்ஸா இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. பேச்சுவாக்குல அண்ணன் விஷயத்தைச் சொன்னோம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்பா, அம்மா, இங்கயும் இதேதான் நடந்துச்சு. ஆனா இங்க ஒரு அரசாங்கமே செஞ்சது"ன்னா.

அவ நோயாளிங்க பேரையோ கதையையோ சொல்ல மாட்டா, சொல்லவும் கூடாது. பொதுவா சொன்னா. அங்க வயசானவங்கள்ல சில பேருக்கு முதியோர் இல்லத்துக்கு வர்றதே பெரிய பயமாம். நீள வராந்தா, மணிச் சத்தம், வரிசையா கட்டில், இதெல்லாம் பார்த்தாலே சின்ன வயசு திரும்ப வந்துடுமாம். ஏன்னு கேட்டோம். அன்னைக்கு ஆரம்பிச்சுப் பல ஞாயித்துக்கிழமை அதையேதான் பேசினோம். அவ அனுப்பினதையெல்லாம் படிச்சோம், புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். எங்களுக்குப் புரிஞ்ச அளவுல உங்களுக்குச் சொல்றோம்.

அயர்லாந்துல தொழிற்பள்ளின்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. 19-ஆம் நூற்றாண்டுல, பிரிட்டிஷ் ஆட்சியில வந்த சட்டம். பேருதான் பள்ளி. ஏழைப் பிள்ளைகள், அம்மா அப்பா இல்லாத பிள்ளைகள், வீட்டுல பாத்துக்க ஆள் இல்லாத பிள்ளைகளைக் கோர்ட்டு மூலமா அங்க அனுப்புவாங்க. பெரும்பாலும் கத்தோலிக்கத் துறவிகளும் கன்னியாஸ்திரிகளும் நடத்தினாங்க. ஒரு பிள்ளைக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் தலைக்குக் கணக்குப் போட்டுப் பணம் குடுத்துச்சு. மேற்பார்வை கல்வி அமைச்சோட பொறுப்பு.

இங்க ஒரு வார்த்தை. இதைப் படிச்சுட்டு யாரும் இன்னொரு மதத்தைப் பத்தி வாய்க்கு வந்தபடி கமெண்ட் போட வேணாம். நம்ம நாட்டுல கான்வென்ட்லயும் பிரதர்ஸ் நடத்தின பள்ளியிலயும் படிச்சு முன்னுக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! அயர்லாந்துல இருந்து வந்த ஆசிரியர்களைக் கும்பிட்ட குடும்பங்கள் நம்ம சமூகத்துல இருக்கு. நாங்க சொல்ல வர்றது மதத்தைப் பத்தி இல்ல. ஒருத்தர் கையில பிள்ளையையும் பணத்தையும் குடுத்துட்டு, நாம வேற பக்கம் பார்த்தா என்ன ஆகும்ங்கிறதைப் பத்தி.

1999-ல மேரி ராஃப்டரின்னு ஒரு பத்திரிகையாளர் அந்த நாட்டுத் தொலைக்காட்சியில ஒரு ஆவணத் தொடர் போட்டாங்க. அந்தப் பள்ளிகள்ல பிள்ளைகளுக்கு நடந்த அடி, பட்டினி, பாலியல் கொடுமை எல்லாம் வெளிய வந்துச்சு. அந்த மே மாசமே பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் நாட்டு சார்பா மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருஷம் விசாரணை ஆணையம். அதோட அறிக்கை 2009 மே 20-ல வந்துச்சு. நீதிபதி ஷான் ரையன் தலைமையில வந்ததால ரையன் அறிக்கைன்னு சொல்றாங்க. அஞ்சு தொகுதி. ரகசியமா சாட்சி கேட்ட குழுகிட்ட மட்டும் ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க வந்து பேசியிருக்காங்க. 200-க்கும் மேற்பட்ட இடங்களோட பேர் அதுல வந்துச்சு.

அந்த அறிக்கையில ஒரு விஷயம் எங்களை உலுக்கிடுச்சு. கல்வி அமைச்சு ஆய்வாளர் அனுப்பிக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா ஆய்வுக்கு வர்றதை முன்கூட்டியே நிர்வாகத்துக்குச் சொல்லிடுவாங்க. ஆய்வாளர்கள் ரொம்பக் குறைவு. அமைச்சே துறவிகள் முன்னால தலைவணங்கி நின்னுச்சு. ஆய்வு முறை அடிப்படையிலேயே பழுதுன்னு ஆணையம் எழுதியிருக்கு.

தொழிற்சாலையில இருக்குறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். நாளைக்கு ஆடிட்னா இன்னைக்கு ராத்திரியே தரை பளபளன்னு ஆகும். மாசக்கணக்கா கிழிஞ்ச கையுறை போட்டவங்களுக்கெல்லாம் புதுக் கையுறை வரும். யார் என்ன கேட்டா என்ன பதில் சொல்லணும்னு காலையில மீட்டிங் நடக்கும். ஆடிட்டர் போனதும் பழைய கையுறை திரும்ப வந்துடும். முப்பது வருஷமா பாக்குறோம், சில நேரம் நாங்களே செஞ்சிருக்கோம். மிஷினுக்கே இப்படின்னா, பேசத் தெரியாத பிள்ளைக்கு?

சரி, நஷ்டஈடு குடுத்தாங்களான்னு கேப்பீங்க. குடுத்தாங்க. 2002-ல அதுக்குன்னு ஒரு வாரியம். 15,000 பேருக்கு மேல நஷ்டஈடு கிடைச்சது. சராசரி 60,000 யூரோவுக்குக் கொஞ்சம் மேல. ஆனா எவ்வளவு கிடைச்சது, விசாரணையில என்ன சொன்னோம்ங்கிறதை வெளிய சொல்லக்கூடாதுன்னு சட்டத்துலயே ஒரு விதி. சின்ன வயசுல வாயை மூடச் சொன்னாங்க, வயசான பிறகும் வாயை மூடச் சொன்னாங்க.

அதே 2002-ல அரசாங்கமும் 18 துறவு சபைகளும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. சபைகள் 128 மில்லியன் யூரோ குடுக்கணும், மீதிப் பொறுப்பு அரசாங்கத்தோடது. கடைசியில மொத்தச் செலவு 1,500 மில்லியனுக்குப் போயிடுச்சு. பாதியையாவது சபைகள் ஏத்துக்கணும்னு அரசாங்கம் சொன்னது பிற்பாடுதான். அந்தப் பாதி வந்து சேரவே இல்ல. ரையன் அறிக்கைக்குப் பிறகு சபைகள் இன்னும் கொஞ்சம் தர்றதா சொன்னாங்க. அதுல ரொக்கமா வர வேண்டிய 110 மில்லியன் யூரோவைத் தனியா ஒதுக்கி, பாதிக்கப்பட்டவங்களோட மிச்ச வாழ்க்கைக்கு உதவ ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. 2012-ல சட்டம், 2013 மார்ச்ல வாரியம், 2014 ஜனவரியில இருந்து விண்ணப்பம். பேரு காரானுவா. அவங்க மொழியில 'புதிய நண்பன்'னு அர்த்தம்.

எவ்வளவு நல்ல பேர் பாருங்க. வாரியத்துல ஒன்பது பேர். அதுல நாலு பேர் அந்த மாதிரி இடங்கள்ல வளர்ந்தவங்களா இருக்கணும்னு சட்டமே சொல்லுச்சு. வீட்டைச் சரி பண்ண, பல், கண், காது பார்க்க, மனநல ஆலோசனைக்கு, படிக்கன்னு உதவி. மறுத்தா மேல்முறையீடு செய்ய தனி அதிகாரி. அரசாங்கத் தலைமைக் கணக்காய்வாளர் வருஷா வருஷம் கணக்குப் பார்ப்பார். நாடாளுமன்றக் கணக்குக் குழு கூப்பிட்டுக் கேள்வி கேக்கும். காகிதத்துல பார்த்தா எந்தக் குறையும் இல்ல.

அப்புறம் என்ன தப்பு நடந்துச்சு? எங்களுக்குப் புரிஞ்சது நாலு.

முதல்ல, அலுவலகத்தை நடத்துற செலவு. சம்பளம், வாடகை எல்லாம் அந்த நிதியில இருந்தே எடுத்தாங்க. சட்டத்துலயே அப்படித்தான் இருந்துச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு வெச்ச பணத்துல, அவங்க பாரத்தைச் சரிபார்க்குறவருக்குச் சம்பளம். நாம அன்னதானத்துக்குன்னு உபயம் வாங்கி, அதுல கமிட்டிக்கு மேசை நாற்காலி வாங்கினா நீங்க சும்மா இருப்பீங்களா?

ரெண்டாவது, பாரமும் கொட்டேஷனும். அந்தப் பள்ளிகள்ல வளர்ந்த நிறையப் பேருக்கு எழுதப் படிக்கச் சரியா வராது, ஏன்னா படிக்க வேண்டிய வயசுல வேலை வாங்கினாங்க. அவங்களுக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி விலைப்புள்ளி, மறுபடி காத்திருப்பு. இத்தனைக்கும் எல்லாரும் ஏற்கெனவே நஷ்டஈடு வாங்கினவங்க, பாதிக்கப்பட்டவங்கன்னு நிரூபிச்சு முடிச்சவங்க. போன்ல கூப்பிட்டா சரியான பதில் இல்ல, மரியாதையாப் பேசலைன்னு குறை சொன்னாங்க. 2017-ல நிதியோட தலைமை அதிகாரி ஒரு பத்திரிகைப் பேட்டியில பேசினது அவங்களை இன்னும் புண்படுத்திடுச்சு.

மூணாவது, வரம்பு. ஆரம்பத்துல ஒருத்தருக்கு இவ்வளவுதான்னு வரம்பு இல்ல. 2016-ல திடீர்னு ஒரு ஆளுக்கு 15,000 யூரோதான்னு வரம்பு வந்துச்சு. முதல்ல வந்தவங்கள்ல சில பேருக்கு அதைவிட அதிகமா கிடைச்சிருந்துச்சு. கடைசியில யார் வருவாங்க? கூச்சப்படுறவங்க, படிக்கத் தெரியாதவங்க, இங்கிலாந்து மாதிரி வேற நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவங்க. அவங்களுக்கு வரும்போது சட்டி அடி தட்டிடுச்சு. 2018 ஆகஸ்ட் 1-ல விண்ணப்பத்தையே மூடிட்டாங்க. உதவி வாங்கினவங்க 6,000-க்குச் சொச்சம். நஷ்டஈடு வாங்கினவங்க 15,000-க்கு மேலன்னு முன்னாடியே சொன்னோம். பாதிப் பேர்கூட இல்ல.

நாலாவதுதான் பெரிசு. நாடாளுமன்றத்துல உறுப்பினர்கள் குறை சொல்லும்போதெல்லாம், அது சுதந்திரமான அமைப்பு, தனிப்பட்ட விண்ணப்பத்துல அமைச்சர் தலையிட முடியாதுன்னு பதில் வரும். அந்த வாரியத்தை நியமிச்சது யாரு? கல்வி அமைச்சர். அந்தப் பள்ளிகளை ஒரு காலத்துல மேற்பார்வை பார்க்க வேண்டியது யாரு? அதே கல்வி அமைச்சு. ஒரு தடவை பார்க்கத் தவறினவங்க கையிலேயே பார்க்குற வேலை மறுபடியும் போச்சு. பார்த்தாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா கணக்கைப் பார்த்தாங்க. வாசல்ல நின்னு திரும்பிப் போனவங்களைப் பார்க்கல.

இதை எங்க பொண்ணு ஒரே வரியில சொன்னா: "கண்காணிப்பு எல்லாம் கேக்குறவங்க பக்கம் திரும்பி இருந்துச்சுப்பா. குடுக்குறவங்க பக்கம் யாரும் திருப்பல."

அன்னைக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் சரியாத் தூங்கல. ஒருத்தர் எழுந்து போய் அந்த ஃபைல் நகலை எடுத்துட்டு வந்தாங்க. மேசையில வெச்சுப் பார்த்தோம். 'பல் எப்படிப் போனது' என்கிற இடத்துல அண்ணன் ஒண்ணும் எழுதல. பேனாவை அழுத்தி வெச்ச ஒரு புள்ளி மட்டும் இருந்துச்சு.

அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்துச்சு. நம்ம கோயிலுக்கும் அந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, இதுதான் சம்பந்தம். அவங்க செஞ்சது பெருசு, நாங்க செஞ்சது சின்னது. ஆனா செஞ்ச விதம் ஒண்ணுதான்.

கமிட்டியில இதைப் பேசினோம். பொருளாளர் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி: "கணக்கு இல்லாம காசு குடுக்க முடியுமா? நாளைக்குச் சங்கப் பதிவதிகாரி கேட்டா யார் பதில் சொல்றது? ஏமாத்துறவன் வந்தா?" சரிதான். பக்தருங்க வியர்வை சிந்திச் சம்பாதிச்ச வெள்ளி அது. பத்து வெள்ளியா இருந்தாலும் கணக்கு வேணும். அயர்லாந்துலயும் கணக்காய்வாளர் வேணாம்னு பாதிக்கப்பட்டவங்க யாரும் சொல்லல. இன்னும் நல்லாப் பாருங்கன்னுதான் கேட்டாங்க. கண்காணிப்பு கூடாதுங்கிறது எங்க பேச்சு இல்ல. அதை யார் பக்கம் திருப்புறோம்ங்கிறதுதான் எங்க கேள்வி.

லைன்ல ஒரு போர்டு பழுதாப் போனா, முதல்ல ஆப்பரேட்டரைத் திட்டுற சூப்பர்வைசர் உண்டு. நல்ல சூப்பர்வைசர் முதல்ல மிஷினைப் பார்ப்பார், அப்புறம் தான் குடுத்த உத்தரவைப் பார்ப்பார், கடைசியாத்தான் ஆப்பரேட்டர்கிட்ட வருவார். தொழிற்சாலையில இவ்வளவு வருஷமா மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததைக் கோயில்ல நாங்களே மறந்துட்டோம்.

அந்த வாரமே அண்ணன் வீட்டுக்குப் போனோம். காசோலை எடுத்துட்டுப் போகல, பாரம் எடுத்துட்டுப் போகல. ஒரு சீப்பு பழமும் கொஞ்சம் மல்லிகையும்தான். வாசல்ல நின்னுக்கிட்டே, "தப்பு எங்க மேலதாண்ணே"ன்னு சொன்னோம். அவர் உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சார், கோப்பி கலக்கிக் குடுத்தார்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே பேசினார். "சின்ன வயசுல அங்க வெளியாளுங்க சாமான் கொண்டு வந்து குடுப்பாங்க. எங்களை வரிசையா நிக்க வெச்சுப் போட்டோ எடுப்பாங்க. சிரிக்கணும். சிரிக்கலைன்னா அவங்க போன பிறகு இருக்கு. நீங்க போட்டோன்னு சொன்னதும் கால் வரலம்மா."

எங்களுக்குப் பேச்சு வரல. அந்த இல்லத்துக்குச் சாமான் கொண்டு போனவங்களும் நம்மள மாதிரி நல்லவங்கதானே. தீபாவளிக்கு முன்னால அரிசி மூட்டை, எண்ணெய் டின், பலகாரம் எல்லாம் லோரியில ஏத்திக்கிட்டுப் போய், பிள்ளைகளோட சிரிச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டு வந்திருப்பாங்க. நாங்களும் எத்தனை இல்லத்துக்கு அப்படிப் போயிருக்கோம்! முன்கூட்டியே போன் போட்டு, நாள் சொல்லி, நேரம் சொல்லி. அந்த அயர்லாந்து ஆய்வாளர் மாதிரியேதான்.

பல்செட் விஷயத்தைக் கேட்டோம். இனிமே பாரம் வேணாம், போட்டோ வேணாம், டாக்டர்கிட்ட நேரா கட்டிடுறோம்னு சொன்னோம். யோசிச்சுச் சொல்றேன்னார். இன்னும் சொல்லல. நாங்களும் கேக்கல. ஆனா ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை பின்பக்க மண்டபத்துல வந்து உட்கார்ந்தார். அன்னைக்கு அம்பாளுக்குச் சாத்தின மாலை அவர் கட்டினது. நீங்களும் கும்பிட்டிருப்பீங்க.

வர்ற ஆண்டுக் கூட்டத்துல நிதி சம்பந்தமா ஒரு தீர்மானம் கொண்டு வர்றோம். கமிட்டியில பாதிப் பேர் சம்மதம், பாதிப் பேர் யோசிக்கிறாங்க. முடிவு உங்க கையில. நாங்க கேக்குறது இவ்வளவுதான்:

ஒண்ணு. உதவி வாங்குறவங்க போட்டோ, மாதிரி காசோலை இனிமே வேணாம். வருஷக் கடைசியில எத்தனை பேருக்கு எவ்வளவுன்னு கணக்கு மட்டும் பலகையில ஒட்டுவோம். பேர் இருக்காது. பேர் விவரம் ஆடிட்டருக்கு மட்டும்.

ரெண்டு. கொட்டேஷன் வேணும்னா அதை எடுக்குற வேலை குழுவோடது. கேக்குறவரை அலைய விடக்கூடாது. எழுத முடியாதவருக்கு நாமளே உட்கார்ந்து எழுதிக் குடுக்கணும். உதவிக்குத் தேவையில்லாத கேள்வி பாரத்துல இருக்கக்கூடாது.

மூணு. நிதியை நடத்துற செலவு, பாரம் அச்சடிக்கிறது, லோரி வாடகை, எதுவா இருந்தாலும் அந்த நிதியைத் தொடக்கூடாது. கோயில் பொதுக் கணக்குல இருந்து வரணும்.

நாலு. ஒருத்தருக்கு உச்சவரம்பு எவ்வளவுன்னு வருஷ ஆரம்பத்துலயே சொல்லிடணும். நடுவுல மாத்தக்கூடாது. கடைசியில வர்றவங்களுக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கி வைக்கணும்.

அஞ்சு. குழுவுல குறைஞ்சது ஒருத்தராவது, ஒரு காலத்துல உதவி கேட்டு வாசல்ல நின்னவரா இருக்கணும். இல்லைன்னு சொல்லப்பட்டவர் போய் முறையிட, கமிட்டியில இல்லாத ஒருத்தர் வேணும். அவர் வருஷத்துக்கு ஒரு தடவை குடுத்த கணக்கைப் பார்க்க வேணாம், மூடின ஃபைலைப் பார்க்கட்டும். யார் பாதியில விட்டுப் போனாங்க, ஏன் போனாங்கன்னு கேக்கட்டும்.

இன்னொண்ணு, இது தீர்மானத்துல இல்ல, உங்ககிட்ட கேட்டுக்குறது. பிள்ளைகள் இல்லத்துக்கு உபயம் செய்றவங்க, அந்த இல்லத்துக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க. நம்ம நாட்டுல 1993-ஆம் வருஷப் பராமரிப்பு மையச் சட்டம் இருக்கு, சமூக நலத்துறையில பதிவு இருக்கணும். கேக்குறதுல வெக்கம் இல்ல. பிள்ளைகளை வரிசையா நிக்க வெச்சுப் போட்டோ எடுக்காதீங்க. அவங்க முகத்தைப் பேஸ்புக்ல போடாதீங்க. ஒரு பிள்ளை ஏதாவது சொன்னா, "அப்படியெல்லாம் சொல்லக்கூடாது"ன்னு வாயை அடைக்காதீங்க. காது குடுங்க. சொல்ல வேண்டிய இடத்துல நாம போய்ச் சொல்லுவோம்.

அயர்லாந்துல அந்த நிதி 2021-ல செயல்பாட்டை நிறுத்திடுச்சு. அதோட கேள்வி முடியல. பாதிக்கப்பட்டவங்க விடாம கேட்டாங்க. 2024-ல புதுசா ஒரு சட்டம் வந்துச்சு: மருத்துவ சேவைக்கு ஒரு அட்டை, ஆலோசனை, படிப்புக்கு உதவி. வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கு ஒரு தடவை 3,000 யூரோ. போதாதுன்னு இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. எல்லாருக்கும் வயசாயிடுச்சு. ஒவ்வொரு வருஷமும் கேக்குற குரல் குறையுது. தாமதமா வர்ற நீதிக்கு இது ஒரு கொடுமை. வாங்குறதுக்கு ஆள் இருக்காது.

நம்ம நிதி சின்னது. அதனால நாம திருந்துறதும் சுலபம். ஒரு நாடு 20 வருஷத்துக்கு மேல தடுமாறினதை, நாம ஒரு ஆண்டுக் கூட்டத்துல சரி பண்ணிடலாம். ஒரு கையைத் தூக்கினாப் போதும்.

அதனால தயவு செஞ்சு கூட்டத்துக்கு வாங்க. எங்களை எதிர்த்துப் பேசணும்னாலும் வந்து பேசுங்க. வீட்டுல இருந்துக்கிட்டு கமெண்ட்ல எழுதறதைவிட அது மேல். அன்னைக்கு அன்னதானம் உண்டு, சாம்பார் எங்க பொறுப்பு.

பின்பக்க மண்டபத்துல அண்ணன் இருப்பார். இதைப் படிச்சுட்டு அவர்கிட்ட போய் யாரும் எதையும் கேக்காதீங்க, பரிதாபமாவும் பார்க்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து நாலு சரம் தொடுத்துக் குடுங்க. வெள்ளிக்கிழமை பூ எப்பவும் அதிகம், கைதான் பத்தல.

எழுத்துல பிழை இருந்தா மன்னிச்சுடுங்க. அம்மன் எல்லாரையும் காக்கணும்.